கிளஸ்டரில் உள்ள மெய்நிகர் இயந்திரங்களை ஒரே சேமிப்பகத்தோடு இணைத்தல்: புதியவர்களுக்கான வழிமுறை

இரண்டு மெய்நிகர் இயந்திரங்களுக்கு ஒரே வட்டைக் காட்டுவது கடினமான வேலை அன்று. ஸ்டோரேஜ் சர்வரில் ஒரு லன்னை (பிற இயந்திரங்களுக்கு வட்டாகக் கொடுக்கப்படும் சேமிப்பகப் பகுதியை) உருவாக்கி, இரண்டு இயந்திரங்களிலிருந்தும் அதில் லாகின் செய்தால், சில நிமிடங்களில் இரண்டிலும் அது ஒரு புதிய வட்டாகத் தெரியும். தெரிந்தவுடன் வேலை முடிந்தது என்று எண்ணி இரண்டிலும் மவுன்ட் செய்துவிடும்போதுதான் (கோப்புகளைப் படிக்கவும் எழுதவும் இணைத்துவிடும்போதுதான்) புதியவர்கள் தரவை இழக்கிறார்கள். எந்த நேரத்தில் எந்த இயந்திரம் எழுதலாம், எழுதக் கூடாத இயந்திரத்தை எது தடுத்து நிறுத்தும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கண்ட பிறகே இணைப்பு வேலையைத் தொடங்க வேண்டும். இங்கே சொல்லப்படும் படிகள் அந்த வரிசையிலேயே அமைந்துள்ளன. விளக்கம் பெரும்பாலும் லினக்ஸ் நோடுகளையும் (கிளஸ்டர் என்ற கூட்டமைப்பில் உள்ள ஒவ்வோர் இயந்திரமும் ஒரு நோடு) ஐஸ்கசி சேமிப்பகத்தையும் (வட்டை நெட்வொர்க் வழியாகத் தரும் முறை) வைத்துச் செல்கிறது. விண்டோஸ் வேறுபடும் இடங்களை ஆங்காங்கே குறிப்பிட்டிருக்கிறேன்.

எழுதும் உரிமை யாருக்கு?

இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ், என்டிஎஃப்எஸ் போன்ற வழக்கமான கோப்பு முறைமைகள், வட்டு தமக்கு மட்டுமே உரியது என்ற அடிப்படையில் உருவாக்கப்பட்டவை. மவுன்ட் ஆனதும், எந்தத் தொகுதி (வட்டின் சிறு துண்டு) காலியாக இருக்கிறது, எந்த ஐநோடு (கோப்பின் விவரக் குறிப்பு) எந்தக் கோப்புக்கு உரியது போன்ற விவரங்களை அவை நினைவகத்தில் வைத்துக்கொள்கின்றன. அவற்றை வட்டிலிருந்து மறுபடி படித்துச் சரிபார்ப்பதில்லை. முதல் நோடு, 5000ஆம் தொகுதி காலி என்று தன் நினைவகத்தில் கண்டு, அங்கே ஒரு தரவுத்தளக் கோப்பின் பகுதியை எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் நோடின் நினைவகத்திலும் அதே தொகுதி இன்னும் காலி என்றே இருப்பதால், சற்று நேரத்தில் அது அதே இடத்தில் ஒரு லாக் கோப்பை எழுதிவிடுகிறது. அந்தக் கணத்தில் இரண்டு இயந்திரங்களிலும் எந்தப் பிழைச் செய்தியும் வராது. ஒவ்வொன்றும் தன் கேச்சிலிருந்தே படிப்பதால் கோப்புகள் நல்ல நிலையில் இருப்பதாகவே தோன்றும். ஏதோ ஒரு நாள் ஒரு நோடை மறுதொடக்கம் செய்யும்போதுதான் சிதைவு வெளியே வரும். அதற்குள் சிதைந்த தரவு பேக்கப்பிலும் சேர்ந்திருக்கக்கூடும்.

இரண்டாம் நோடில் படிக்க மட்டும் மவுன்ட் செய்தால் ஆபத்தில்லை என்று சிலர் சொல்வார்கள். அதுவும் தவறு. முதல் நோடு மாற்றியதை அறியாமல், இரண்டாம் நோடு பழைய விவரங்களை வைத்துத் தவறான தரவைப் படிக்கும். அதைவிட மோசமாக, ஜர்னலில் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேட்டில்) முடிவடையாத பதிவுகள் இருந்தால், இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் இரண்டுமே படிக்க மட்டும் மவுன்ட் செய்யப்படும்போதும் அந்தப் பதிவுகளை வட்டில் எழுதி முடிக்கும். முதல் நோடு உயிரோடு எழுதிக்கொண்டிருக்கும்போது இரண்டாம் நோடு அதன் ஜர்னலை இயக்குவது என்றால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே உங்கள் முன் மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, சாதாரணக் கோப்பு முறைமையையே பயன்படுத்தி, ஒரு நேரத்தில் ஒரு நோடு மட்டும் மவுன்ட் செய்யும்படி கிளஸ்டர் மென்பொருளிடம் பொறுப்பை ஒப்படைப்பது. இரண்டாவது, ஜிஎஃப்எஸ்2, ஓசிஎஃப்எஸ்2 போன்ற கிளஸ்டர் கோப்பு முறைமையைப் பயன்படுத்தி, எந்த நோடு எதில் எழுதலாம் என்று ஒழுங்குபடுத்தும் பூட்டு மேலாளரின் துணையோடு எல்லா நோடுகளிலும் ஒரே நேரத்தில் மவுன்ட் செய்வது. மூன்றாவது, வட்டையே பகிராமல் என்எஃப்எஸ் என்ற நெட்வொர்க் கோப்புப் பகிர்வு முறை மூலம் கோப்புகளைப் பகிர்வது. இதில் கோப்பு முறைமையை ஒரே சர்வர் மட்டும் கையாள்வதால் மேலே சொன்ன சிக்கல் எழுவதில்லை. விண்டோஸ் ஃபெயில்ஓவர் கிளஸ்டரில் முதல் வழியும் உண்டு. விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 பதிப்பிலிருந்து, எல்லா நோடுகளும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் கிளஸ்டர் ஷேர்டு வால்யூம் என்ற ஏற்பாடும் உண்டு.

பயன்பாடு இரண்டு நோடுகளிலும் ஒரே நேரத்தில் ஒரே கோப்புகளில் எழுதியே ஆக வேண்டும் என்ற தேவை இல்லாவிட்டால் முதல் வழியைத் தேர்ந்தெடுங்கள். ஒரு தரவுத்தளம் ஒரு நோடில் ஓடி, அது விழுந்தால் மற்றதில் எழ வேண்டும் என்பதே பெரும்பாலோரின் தேவை. அதற்குக் கிளஸ்டர் கோப்பு முறைமை வேண்டியதில்லை. ஒவ்வொரு பூட்டுக்கும் நோடுகள் தமக்குள் பேசிக்கொள்ள வேண்டியிருப்பதால், பல நோடுகள் ஒரே அடைவில் சிறு கோப்புகளை எழுதும் வேலைகளில் ஜிஎஃப்எஸ்2 கண்கூடாக மெதுவாகும். வெறும் வசதிக்காக அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் பின்னால் வேகம் போதவில்லை என்று திண்டாடுகிறார்கள்.

வட்டு எந்தப் பாதையில் வர வேண்டும்?

மெய்நிகர் இயந்திரம் என்பதால், வட்டு அதற்குள் வருவதற்கும் மூன்று பாதைகள் உள்ளன. இயந்திரத்துக்குள்ளேயே ஐஸ்கசி இனிஷியேட்டரை (வட்டைக் கேட்டுப் பெறும் மென்பொருளை) நிறுவி, அதன் மெய்நிகர் நெட்வொர்க் கார்டு வழியாகச் சேமிப்பகத்தை நேரடியாக அடையலாம். அல்லது ஹைப்பர்வைசர் (மெய்நிகர் இயந்திரங்களை இயக்கும் மென்பொருள்) லன்னைப் பெற்று, அதை உள்ளபடியே இயந்திரத்துக்குக் கடத்தலாம். விஎம்வேரில் இதை ஆர்டிஎம் என்பார்கள். அல்லது ஹைப்பர்வைசரின் டேட்டாஸ்டோரில் உள்ள ஒரு மெய்நிகர் வட்டுக் கோப்பை இரண்டு இயந்திரங்களுக்கும் பொதுவாக்கலாம்.

மூன்றாவது பாதை பார்க்க எளிது என்றாலும் நிபந்தனைகள் அதிகம். கேவிஎம் போன்ற ஹைப்பர்வைசர்களை நிர்வகிக்கும் லிப்விர்ட் அமைப்பில் அந்த வட்டைப் பகிரக்கூடியது என்று குறிப்பிடுவதோடு, கேச் இல்லை என்ற அமைப்பையும் கட்டாயம் வைக்க வேண்டும். இல்லையெனில் ஒவ்வொரு ஹோஸ்டும் (ஹைப்பர்வைசர் ஓடும் இயற்பியல் சர்வர்) தன் நினைவகத்தில் தனித்தனி நகலை வைத்துக்கொள்ளும். இப்படிப் பகிரப்பட்ட வட்டுகளில் ஸ்னாப்ஷாட் எடுப்பது பொதுவாக ஆதரிக்கப்படுவதில்லை என்பதால், ஸ்னாப்ஷாட்டை நம்பியிருக்கும் பேக்கப் திட்டத்தையும் மாற்ற வேண்டிவரும். இரண்டாவது பாதையிலும் மூன்றாவது பாதையிலும், எந்த நோடு எழுதலாம் என்பதைச் சேமிப்பகமே கட்டுப்படுத்த உதவும் ஸ்கசி-3 நிலைத்த முன்பதிவு என்ற வசதி இயந்திரத்திலிருந்து சேமிப்பகம் வரை தடையின்றிச் செல்கிறதா என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் கிளஸ்டருக்கு அது கட்டாயம்; லினக்ஸிலும் ஃபென்சிங்குக்கு (பதில் சொல்லாத நோடை எழுதவிடாமல் தடுப்பதற்கு) அது பேருதவி. கேவிஎம் ஹோஸ்டில் இதற்கென க்யூஎமு பிஆர்-ஹெல்பர் என்ற துணை நிரல் இயங்க வேண்டும்.

புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது முதல் பாதை. அதில் ஹைப்பர்வைசர் எதுவாக இருந்தாலும் படிகள் மாறுவதில்லை. முன்பதிவுக் கட்டளைகள் நேராகச் சேமிப்பகத்தை அடைகின்றன. இயந்திரத்தை ஒரு ஹோஸ்டிலிருந்து இன்னொரு ஹோஸ்டுக்கு நகர்த்துவதற்கும் வட்டு தடையாக இருப்பதில்லை. சேமிப்பகப் போக்குவரத்து முழுவதும் மெய்நிகர் நெட்வொர்க் கார்டு வழியாகப் போவதால் இயந்திரத்தின் சிபியு சற்றுக் கூடுதலாகச் செலவாகும் என்பது இதற்கான விலை. எந்தப் பாதையை எடுத்தாலும், கிளஸ்டரின் நோடுகள் ஒரே ஹோஸ்டில் சேர்ந்து ஓடாதபடி ஹைப்பர்வைசரில் விலக்கு விதி ஒன்றை அமைத்துவிடுங்கள். ஒரே ஹோஸ்டில் இரண்டு நோடுகளும் இருந்தால், அந்த ஹோஸ்ட் விழும்போது கிளஸ்டரே விழும்.

நெட்வொர்க்

ஒவ்வொரு நோடுக்கும், வழக்கமான நெட்வொர்க் கார்டைத் தவிர, சேமிப்பகத்துக்கென்றே இரண்டு மெய்நிகர் கார்டுகளைச் சேருங்கள். இரண்டையும் வெவ்வேறு விலானிலும் (தனித்துப் பிரிக்கப்பட்ட மெய்நிகர் நெட்வொர்க்) வெவ்வேறு சப்நெட்டிலும் வையுங்கள். இரண்டு கார்டுகளும் ஒரே சப்நெட்டில் இருந்தால், ஒரு கார்டின் முகவரிக்கான ஏஆர்பி கேள்விக்கு (இந்த ஐபி முகவரி யாருடையது என்ற கேள்விக்கு) மற்றொரு கார்டு பதில் சொல்வது லினக்ஸில் இயல்பாக நடக்கும். இரண்டு பாதைகள் இருப்பதாகத் தெரியும், ஆனால் போக்குவரத்து முழுவதும் ஒன்றிலேயே ஓடும். சேமிப்பகக் கார்டுகளுக்கு கேட்வே தர வேண்டாம். ஹோஸ்டின் பக்கத்தையும் கவனியுங்கள்: இரண்டு மெய்நிகர் கார்டுகளும் கடைசியில் ஒரே இயற்பியல் போர்ட் வழியாக வெளியே போனால், மல்டிபாத் (ஒரே வட்டுக்குப் பல பாதைகள்) என்பது பெயரளவில்தான்.

ஜம்போ ஃப்ரேம் (வழக்கத்தைவிடப் பெரிய பாக்கெட்) பயன்படுத்துவதாக இருந்தால், மெய்நிகர் கார்டு, மெய்நிகர் சுவிட்ச், இயற்பியல் சுவிட்ச், சேமிப்பகத்தின் போர்ட் ஆகிய எல்லா இடங்களிலும் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 9000 என்று ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஏதாவது ஓரிடத்தில் 1500 என்று விடுபட்டால், டார்கெட்டைக் (வட்டைத் தரும் பக்கத்தைக்) கண்டுபிடிப்பது, லாகின் போன்ற சிறு பரிமாற்றங்கள் நன்றாக நடந்து, பெரிய எழுத்து வரும்போது மட்டும் இணைப்பு உறைந்து நிற்கும். காரணம் புரியாமல் சேமிப்பகத்தைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். சோதிப்பது எளிது. பாக்கெட்டைத் துண்டாக்கக் கூடாது என்ற விருப்பத்தோடு, 8972 பைட் அளவில் சேமிப்பகத்துக்குப் பிங் அனுப்புங்கள். 9000இல் ஐபி தலைப்புக்கு 20, ஐசிஎம்பி தலைப்புக்கு 8 போக மிஞ்சுவது 8972. அது போய் வந்தால் பாதை முழுவதும் சரி. ஒவ்வொரு நோடிலிருந்தும் ஒவ்வொரு பாதைக்கும் இதைத் தனித்தனியே செய்யுங்கள். ஜம்போ ஃப்ரேமை எல்லா இடத்திலும் உறுதிசெய்ய முடியாவிட்டால் 1500இலேயே விட்டுவிடுவது நல்லது. வேகத்தில் ஏற்படும் சிறு குறைவை, ஓரிடத்தில் மட்டும் பிசகிய எம்டியுவோடு ஒப்பிடவே முடியாது.

ஐஸ்கசி இணைப்பு

ஐஸ்கசியில் வட்டைத் தரும் பக்கத்துக்கு டார்கெட் என்றும், அதைப் பயன்படுத்தும் பக்கத்துக்கு இனிஷியேட்டர் என்றும் பெயர். இரண்டும் டிசிபி 3260ஆம் போர்ட்டில் பேசிக்கொள்கின்றன. ஒவ்வொரு இனிஷியேட்டருக்கும் ஐக்யூஎன் என்ற தனிப்பெயர் உண்டு; ஆண்டும் மாதமும், திருப்பி எழுதிய டொமைன் பெயரும், அதன் பின் ஓர் அடையாளமும் சேர்ந்தது அது. லினக்ஸில் அந்தப் பெயர், இடிசி அடைவுக்குள் ஐஸ்கசி துணையடைவில் உள்ள இனிஷியேட்டர்நேம் கோப்பில் இருக்கும்.

மெய்நிகர் இயந்திரங்களில் மிக அடிக்கடி நேரும் கோளாறு இங்கேதான் தொடங்குகிறது. ஒரு நோடைத் தயார்செய்து, அதை குளோன் செய்து இரண்டாம் நோடை உருவாக்குவது எல்லோருடைய வழக்கம். குளோனோடு சேர்ந்து ஐக்யூஎன் பெயரும் நகலாகிவிடும். இப்போது இரண்டு நோடுகளும் ஒரே பெயரில் லாகின் செய்யும்போது, பழைய இனிஷியேட்டரே மறுபடி வந்திருக்கிறது என்று டார்கெட் எண்ணி முதல் இணைப்பைத் துண்டிக்கிறது. துண்டிக்கப்பட்ட நோடு மறுபடி லாகின் செய்ய, இரண்டாவதன் இணைப்பு அறுகிறது. இரண்டு நோடுகளின் லாக்கிலும் சில வினாடிகளுக்கு ஒருமுறை இணைப்பு அறுந்து மீண்டது என்ற செய்தி மாறிமாறி வந்துகொண்டிருந்தால், நெட்வொர்க்கைத் தேடுவதற்கு முன் இரண்டு நோடுகளின் ஐக்யூஎன் பெயரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். குளோன் செய்தவுடன் ஐக்யூஎன், மெஷின்-ஐடி, ஹோஸ்ட்நேம் ஆகிய மூன்றையும் மாற்றி, அதன் பிறகு ஐஸ்கசி சேவையை மறுதொடக்கம் செய்வதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து, டார்கெட்டின் பக்கம் ஒரு லன்னை உருவாக்கி, உங்கள் நோடுகளின் ஐக்யூஎன் பெயர்களுக்கு மட்டும் அதைக் காணும் அனுமதி கொடுங்கள். அனுமதிப் பட்டியல் இல்லாமல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட லன்னை, தொடர்பே இல்லாத ஒரு சர்வர் புதிய வட்டு என்று நினைத்து ஃபார்மட் செய்துவிடக்கூடும். சாப் கடவுச்சொல்லையும் அமையுங்கள்; மைக்ரோசாஃப்ட் இனிஷியேட்டர் 12 முதல் 16 எழுத்துகள் வரையிலான கடவுச்சொல்லை மட்டுமே ஏற்கும் என்பதால், விண்டோஸ் நோடும் இருந்தால் அந்த அளவுக்குள் தேர்ந்தெடுங்கள். சாப் என்பது அடையாளச் சோதனை மட்டுமே. வட்டில் எழுதப்படும் தரவு நெட்வொர்க்கில் மறையாக்கம் இல்லாமலேதான் போகும்; சேமிப்பக விலானைத் தனியே பிரித்து வைக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதன் பிறகு, ஒவ்வொரு நோடிலும் ஐஸ்கசிஅட்ம் கட்டளையின் டிஸ்கவரி முறையில் சேமிப்பகத்தின் முகவரியைக் கொடுத்து டார்கெட்டுகளைக் கண்டறிந்து, இரண்டு பாதைகள் வழியாகவும் லாகின் செய்து, தானாகத் தொடங்கும்படி அமைக்க வேண்டும். எல்எஸ்பிஎல்கே கட்டளையில் இப்போது ஒரே அளவுள்ள இரண்டு வட்டுகள் தெரியும். அவை இரண்டு வட்டுகள் அல்ல, ஒரே லன்னுக்கான இரண்டு பாதைகள். அவற்றில் ஒன்றை எடுத்து ஃபார்மட் செய்துவிடாதீர்கள்.

மல்டிபாத்

அந்த இரண்டு பாதைகளையும் ஒரே சாதனமாகச் சேர்ப்பது மல்டிபாத்தின் வேலை. ஹைப்பர்வைசர் வழியாக வட்டு வந்திருந்தால் மல்டிபாத்தை ஹோஸ்டே செய்துவிடும். இயந்திரத்துக்குள் ஒரே வட்டு தெரியும், இந்தப் பகுதியை நீங்கள் தாண்டிச் செல்லலாம். இயந்திரத்துக்குள்ளேயே இனிஷியேட்டர் இருந்தால் மல்டிபாத்தும் இயந்திரத்துக்குள்ளேயே இருக்க வேண்டும்.

எஸ்டிபி, எஸ்டிசி போன்ற வட்டுப் பெயர்களை எந்த அமைப்பிலும் எழுதி வைக்காதீர்கள். கெர்னல் கண்டுபிடிக்கும் வரிசையைப் பொறுத்து அவை மறுதொடக்கத்துக்குப் பின் மாறக்கூடியவை. மாறாமல் இருப்பது லன்னின் டபிள்யூடபிள்யூஐடி என்ற அடையாள எண். இரண்டு நோடுகளிலும் மல்டிபாத் நிலையைக் காட்டும் கட்டளையை ஓட்டி, அந்த எண் இரண்டிலும் ஒன்றே என்பதை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். பிறகு மல்டிபாத் அமைப்புக் கோப்பில் அந்த எண்ணுக்கு ஒரு பெயர் வைத்து, அந்தக் கோப்பை எல்லா நோடுகளுக்கும் நகலெடுங்கள்.

காலக்கெடுவும் இங்கே முக்கியம். ஓபன்-ஐஸ்கசியின் இயல்பு அமைப்பில், இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று 5 வினாடிக்கு ஒருமுறை கேள்வி போகும். 5 வினாடிக்குள் பதில் வராவிட்டால் இணைப்பு அறுந்ததாகக் கொள்ளப்படும். ஆனால் அதன் பிறகு 120 வினாடி வரை இணைப்பு மீளுமா என்று காத்திருந்த பிறகே பிழை மேலே சொல்லப்படும். ஒரே பாதை உள்ளவர்களுக்கு இந்தக் காத்திருப்பு நன்மை. மல்டிபாத் உள்ள உங்களுக்கோ, இன்னொரு பாதை நல்ல நிலையில் இருக்கும்போதே இரண்டு நிமிடத்துக்கு மேல் தரவுத்தளம் உறைந்து நிற்கும் என்று பொருள். அந்த 120ஐ 5 ஆக்கினால் மொத்தக் காத்திருப்பு ஏறக்குறைய 15 வினாடிக்குள் அடங்கும். எல்லாப் பாதைகளும் அறுந்தால் என்ன செய்வது என்பதையும் மல்டிபாத்திடம் சொல்லிவைக்க வேண்டும். முடிவில்லாமல் காத்திரு என்ற அமைப்பு, கிளஸ்டரில் நோடைச் செயலற்று நிற்கவைக்கும். குறிப்பிட்ட சில முயற்சிகளுக்குப் பின் பிழை கொடு என்று அமைத்தால்தான் கிளஸ்டர் வேலையை மற்ற நோடுக்கு மாற்ற முடியும்.

ஃபார்மட் செய்வதற்கு முன் ஃபென்சிங்

வட்டு கையில் வந்துவிட்டதால் உடனே கோப்பு முறைமையை உருவாக்கத் தோன்றும். அதற்கு முன் ஃபென்சிங்கை முடியுங்கள். பதில் சொல்லாத ஒரு நோடை, அது நிச்சயமாக எழுத முடியாத நிலைக்குக் கொண்டுபோவதற்கே ஃபென்சிங் என்று பெயர்.

மெய்நிகர் இயந்திரங்களில் இது ஏன் இன்னும் அவசியம் என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். முதல் நோடு தரவுத்தளத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறது. ஹோஸ்டில் நினைவகத் தட்டுப்பாடோ ஸ்னாப்ஷாட் வேலையோ வந்து, அந்த இயந்திரம் 40 வினாடி அப்படியே நிறுத்தப்படுகிறது. இரண்டாம் நோடு, முதலாவது இறந்துவிட்டது என்று முடிவுசெய்து, வட்டை மவுன்ட் செய்து தரவுத்தளத்தைத் தொடங்குகிறது. 40 வினாடி கழித்து முதல் நோடு விழிக்கிறது. அதைப் பொறுத்தவரை நேரமே கடக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த கட்டளையின் பாதியில் இருந்தது, மீதியை இப்போது எழுதப்போகிறது. தான் உறைந்திருந்ததைத் தன் கடிகாரத்தைப் பார்த்து அது உணர்வதற்குள் பல தொகுதிகள் வட்டுக்குப் போய்விடும். இயற்பியல் சர்வர்களில் அரிதாக நேரும் இது, மெய்நிகர் இயந்திரங்களில் அன்றாடம் நேரக்கூடியது. அந்த நோடின் நல்லெண்ணத்தை நம்பியிருக்கும் எந்த ஏற்பாடும் இதைத் தடுக்காது. வெளியிலிருந்து யாராவது தடுத்தாக வேண்டும்.

தடுக்க இரண்டு முறைகள் உண்டு. ஹைப்பர்வைசரிடம் சொல்லி அந்த இயந்திரத்தின் மின்சாரத்தை நிறுத்தச் செய்வது ஒன்று; பேஸ்மேக்கர் (லினக்ஸின் கிளஸ்டர் மேலாண்மை மென்பொருள்) கிளஸ்டரில் விஎம்வேருக்கும் கேவிஎம்முக்கும் இதற்கென்றே ஏஜென்ட்கள் உள்ளன. சேமிப்பகத்திடமே சொல்லி அந்த நோடின் எழுத்தை மறுக்கச் செய்வது மற்றொன்று. இதற்குத்தான் ஸ்கசி-3 நிலைத்த முன்பதிவு. ஒவ்வொரு நோடும் லன்னில் தன் சாவியைப் பதிந்துவைக்கும். ஒரு நோடு பதில் சொல்லாதபோது, மற்ற நோடு அதன் சாவியை நீக்கிவிடும். அதன் பின் அந்த நோடு எழுத முயன்றால் சேமிப்பகம் முன்பதிவு மோதல் என்ற பிழையைத் திருப்பி அனுப்பும். உறைந்து விழித்த நோடுக்கும் இதே பதில்தான் கிடைக்கும் என்பது இதன் சிறப்பு. ஃபென்ஸ்-ஸ்கசி ஏஜென்ட் இதைச் செய்கிறது. மல்டிபாத் சாதனங்களுக்கென ஃபென்ஸ்-எம்பாத் என்ற ஏஜென்டும் உண்டு. அதற்கு ஒவ்வொரு நோடின் மல்டிபாத் அமைப்பிலும் வெவ்வேறு முன்பதிவுச் சாவியைக் கொடுத்திருக்க வேண்டும். சாவி நீக்கப்பட்ட நோடு மீண்டும் கிளஸ்டரில் சேர, அதை மறுதொடக்கம் செய்ய வேண்டிவரும்.

முடிந்தால் இரண்டு முறைகளையும் அடுக்காக வையுங்கள். சோதனைக்காக ஃபென்சிங்கை அணைத்துவைக்கும் அமைப்பு பேஸ்மேக்கரில் உண்டு; பகிர்ந்த வட்டு உள்ள கிளஸ்டரில் அதைத் தொடவே தொடாதீர்கள்.

குவோரம், அதாவது முடிவெடுக்கத் தேவையான பெரும்பான்மை வாக்கு, பற்றிச் சுருக்கமாக: இரண்டு நோடுகள் மட்டும் இருந்தால், தொடர்பு அறும்போது பெரும்பான்மை யாரிடம் என்று சொல்ல முடியாது. மூன்றாவது இடத்தில் ஒரு சிறிய இயந்திரத்தில் நோடுகளுக்கிடையே தொடர்பைப் பேணும் கோரோசிங்க்கின் குவோரம் சேவையை ஓட்டி வாக்கு ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். விண்டோஸில் அதே வேலையை டிஸ்க் விட்னஸ் அல்லது ஃபைல் ஷேர் விட்னஸ் செய்யும்.

கோப்பு முறைமை

ஒரு நேரத்தில் ஒரு நோடு என்ற வழியில், மல்டிபாத் சாதனம் முழுவதையும் பார்ட்டிஷன் பிரிக்காமல் எல்விஎம்முக்குக் (வட்டு இடத்தை வால்யூம்களாகப் பிரித்து நிர்வகிக்கும் மென்பொருளுக்குக்) கொடுங்கள். பின்னால் லன்னைப் பெரிதாக்குவது எளிதாகும். எல்லா நோடுகளிலும் எல்விஎம் அமைப்பில் சிஸ்டம்-ஐடியின் மூலத்தை யூநேம் (ஹோஸ்ட்நேமைக் குறிக்கும் மதிப்பு) என்று வைத்தால், வால்யூம் குரூப் ஒரு நேரத்தில் ஒரு நோடுக்கே உரியதாக இருக்கும்; மற்ற நோடு அதைத் தவறுதலாக இயக்க முயன்றாலும் எல்விஎம் மறுத்துவிடும். இயந்திரம் துவங்கும்போது அந்த வால்யூம் குரூப் தானாக இயங்காதபடியும் அமைத்துவிடுங்கள். ஒரே ஒரு நோடில் எக்ஸ்எஃப்எஸ் ஆக ஃபார்மட் செய்து, பிறகு வால்யூமை இயக்குதல், மவுன்ட் செய்தல், ஐபி முகவரி, பயன்பாடு என்ற வரிசையில் நான்கையும் பேஸ்மேக்கரில் ஒரே குழுவாக வையுங்கள். எஃப்எஸ்டேப் கோப்பில் இந்த மவுன்ட்டை எழுதவே கூடாது. எழுதினால், நோடு துவங்கும்போது கிளஸ்டரைக் கேட்காமலே மவுன்ட் செய்ய முயலும்.

ஜிஎஃப்எஸ்2 தேர்ந்தெடுத்தவர்களுக்கு வரிசை சற்று நீளம். டிஎல்எம் என்ற பூட்டு மேலாளரும் எல்விஎம்லாக்டி என்ற எல்விஎம் பூட்டுச் சேவையும் எல்லா நோடுகளிலும் முதலில் ஓட வேண்டும். அவற்றின் மேல்தான் பகிர்ந்த வால்யூம், அதன் மேல் கோப்பு முறைமை. உருவாக்கும்போது கொடுக்கும் கிளஸ்டர் பெயர், கோரோசிங்க் அமைப்பில் உள்ள பெயரோடு எழுத்து மாறாமல் ஒத்திருக்க வேண்டும்; இல்லையெனில் மவுன்ட் ஆகாது. மவுன்ட் செய்யும் ஒவ்வொரு நோடுக்கும் ஒரு ஜர்னல் தேவை. இரண்டு ஜர்னலோடு உருவாக்கிவிட்டு மூன்றாவது நோடைச் சேர்த்தால் அதில் மவுன்ட் ஆகாது, ஜர்னலைக் கூட்டிய பிறகே ஆகும். குவோரம் இழந்தால் வளங்களை நிறுத்து என்ற இயல்புக் கொள்கைக்குப் பதிலாக உறையவை என்ற கொள்கையை வையுங்கள். குவோரம் இல்லாமல் ஜிஎஃப்எஸ்2ஐ முறைப்படி அன்மவுன்ட் செய்யவே முடியாது என்பதே காரணம்.

என்எஃப்எஸ் எடுத்தவர்கள் நான்காம் பதிப்பைப் பயன்படுத்தினால் டிசிபி 2049 என்ற ஒரே போர்ட்டைத் திறந்தால் போதும். மவுன்ட் விருப்பத்தில் ஹார்டு என்ற இயல்பையே வைத்திருங்கள். சாஃப்ட் என்று மாற்றினால், சர்வர் சற்றுத் தாமதிக்கும்போது எழுத்து பாதியில் பிழையாகி, அதைக் கவனிக்காத பயன்பாடு குறைபட்ட கோப்பை விட்டுச்செல்லும். ஒரு நோடு கோப்பை மாற்றியதும் மற்ற நோடில் அது உடனே தெரியாமல் போகலாம். கோப்பின் பண்புகளை லினக்ஸ் இயல்பாக 60 வினாடி வரை கேச்சில் வைத்திருக்கும் என்பதே காரணம். சிதைவு என்று பயப்பட வேண்டாம். ரூட் பயனராக எழுத அனுமதி மறுக்கப்பட்டால், ரூட்டைச் சாதாரணப் பயனராக மாற்றும் என்எஃப்எஸ்ஸின் இயல்பு அமைப்பே அதற்குக் காரணம். அதை அணைப்பதற்குப் பதிலாக, பயன்பாட்டின் பயனருக்கு அந்த அடைவின் உரிமையைக் கொடுங்கள். அந்த என்எஃப்எஸ் சர்வர் விழுந்தால் எல்லா நோடுகளும் நிற்கும் என்பதால், அதற்கும் ஒரு மாற்று ஏற்பாடு வேண்டும்.

உண்மையான தரவை வைப்பதற்கு முன்

வெறும் சோதனைத் தரவை எழுதிக்கொண்டிருக்கும்போதே எல்லாவற்றையும் உடைத்துப் பாருங்கள். ஒரு நோடில் தொடர்ந்து நேர முத்திரையோடு ஒவ்வொரு வரியாக எழுதும் சிறு ஸ்கிரிப்டை ஓடவிட்டு, ஒரு சேமிப்பகக் கார்டை அணையுங்கள். எழுத்தில் எத்தனை வினாடி இடைவெளி விழுகிறது என்று பாருங்கள். அது 15 வினாடிக்கு மேல் போனால் காலக்கெடு அமைப்பு எல்லா நோடுகளிலும் செயலுக்கு வந்திருக்கவில்லை; பழைய இணைப்புகள் பழைய அளவையே வைத்திருக்கும் என்பதால் லாக்அவுட் செய்து மறுபடி லாகின் செய்ய வேண்டும். அடுத்து, சிஸ்ஆர்க்யூ என்ற அவசரக் கட்டளை வசதி மூலம் கெர்னலை வேண்டுமென்றே விழவைத்து, வேலை மற்ற நோடுக்குப் போகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது சோதனையைப் பெரும்பாலோர் செய்வதில்லை. ஆனால் மெய்நிகர் கிளஸ்டருக்கு அதுவே உயிர்நாடி. எழுதிக்கொண்டிருக்கும் நோடை ஹைப்பர்வைசரிலிருந்து ஒரு நிமிடம் இடைநிறுத்திவிட்டு மறுபடி இயக்குங்கள். மின்சாரத்தை நிறுத்தும் ஃபென்சிங் என்றால் அந்த இயந்திரம் ஏற்கெனவே மறுதொடக்கம் ஆகியிருக்கும், இயக்க எதுவும் இருக்காது. ஸ்கசி முன்பதிவு என்றால் விழித்த நோடின் லாக்கில் முன்பதிவு மோதல் என்ற பிழை வரிகள் தெரிய வேண்டும். இரண்டும் நடக்காமல் அந்த நோடு அமைதியாக எழுதத் தொடங்கினால் ஃபென்சிங் வேலை செய்யவில்லை. எஸ்ஜி-பெர்சிஸ்ட் கட்டளையில் லன்னில் பதிந்துள்ள சாவிகளைப் பாருங்கள். நோடு ஒன்றுக்கு ஒரு தனிச் சாவி இருக்க வேண்டும். இரண்டு நோடுகளுக்கும் ஒரே சாவி இருந்தால், மல்டிபாத் அமைப்புக் கோப்பை நகலெடுத்தபோது சாவியும் நகலாகிவிட்டது என்று பொருள்.

பேக்கப் ஓடும் நேரத்தில் நோடுகள் அடிக்கடி ஃபென்ஸ் ஆகின்றன என்றால், ஸ்னாப்ஷாட்டுக்காக இயந்திரம் நிறுத்தப்படும் நேரம் கோரோசிங்க்கின் டோக்கன் காலக்கெடுவை (பதில் வராத நோடை இழந்ததாக முடிவுசெய்யும் முன் காத்திருக்கும் நேரத்தை) மிஞ்சுகிறது. டோக்கன் காலத்தைச் சற்றுக் கூட்டலாம். அதைவிட, இயந்திரத்துக்குள்ளிருந்தே பயன்பாட்டின் வழியாகப் பேக்கப் எடுக்கும் முறைக்கு மாறுவதே மேல்.

பின்னொரு நாள் இடம் போதாமல் லன்னைப் பெரிதாக்கினால், சேமிப்பகத்தில் கூட்டிய பிறகு ஒவ்வொரு நோடிலும் எல்லா ஐஸ்கசி இணைப்புகளையும் மறுபடி ஸ்கேன் செய்து, மல்டிபாத் சாதனத்தின் அளவைப் புதுப்பித்து, எல்லா நோடுகளிலும் ஒரே அளவு தெரிவதை உறுதிசெய்துகொள்ளுங்கள். அதன் பிறகு, வால்யூமை வைத்திருக்கும் ஒரே ஒரு நோடில் மட்டும் எல்விஎம்மையும் கோப்பு முறைமையையும் பெரிதாக்குங்கள். எக்ஸ்எஃப்எஸ்ஸும் ஜிஎஃப்எஸ்2உம் மவுன்ட் ஆகியிருக்கும் நிலையிலேயே இதைச் செய்ய அனுமதிக்கின்றன.